புது லேப்டாப் பழுதானால் யார் பொறுப்பு?

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய லேப்டாப்பின் மூடியைச் சற்று அசைத்தாலே திரை கோடு கோடாகி அணைந்துவிடுகிறது. கடையில் கேட்டால் கம்பெனியைக் கைகாட்டுகிறார்கள். கம்பெனிக்கு அழைத்தால் பாட்டுத்தான் கேட்கிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகர், அல்பர்ட்ஸ்லுண்ட், டென்மார்க்

பதில்: பாட்டுக் கேட்டது போதும், கடைக்கே போங்கள். டென்மார்க் சட்டப்படி பொறுப்பு விற்றவருடையது. கம்பெனி தரும் வாரண்டி வேறு, சட்டம் தரும் 2 வருட முறைப்பாட்டு உரிமை வேறு. 2022 ஜனவரி 1 முதல் வாங்கிய பொருளில் 12 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகவே பொதுவாகக் கொள்ளப்படும். "நீங்கள்தான் கீழே போட்டிருப்பீர்கள்" என்றால், அதை நிரூபிப்பது அவர்கள் பாடு.

இனிப் பேச்சு வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். ரசீதையும் கோடு விழும் வீடியோவையும் இணைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். பழுது தெரிந்து 2 மாதத்துக்குள் சொல்லிவிட்டால், தாமதம் என்று தட்டிக்கழிக்க முடியாது. திருத்தித் தரச் சொல்லலாம், வேறொன்று கேட்கலாம். நியாயமான காலத்துக்குள் இரண்டும் நடக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். லேப்டாப்பைக் கொடுக்குமுன் உங்கள் படங்களையும் கோப்புகளையும் பிரதி எடுத்துவிடுங்கள்.

அதற்கும் மசியாவிட்டால், வீபோர்க் நகரிலுள்ள நெவ்னெனெஸ் ஹூஸ் என்னும் முறைப்பாட்டு அலுவலகத்தில் இணையவழியே முறையிடுங்கள். முதலில் சமரசம் பேசுவார்கள். பலிக்காவிட்டால் வழக்கை நுகர்வோர் முறைப்பாட்டுச் சபைக்குக் கொண்டுபோகலாம்.