எம்முள் நிற்கும் தூண்: மனித வன்கூடு



எலும்புக்கூடு என்றதும் பலருக்கு முதலில் எழுவது அச்சமே. பெரியோர் சுடலையை நினைக்கின்றனர்; சிறுவர் ஒக்ரோபர் முடிவில் வாசல்களில் தொங்கும் ஹலோவீன் பொம்மைகளை நினைக்கின்றனர். விஞ்ஞானம் வேறு செய்தி கூறுகின்றது. மூளையையும் இதயத்தையும் காப்பதும், தசைகள் பற்றி இழுக்க இடந்தருவதும், உள்ளிருக்கும் மச்சையிலே செங்குழியங்களைப் பிறப்பிப்பதும் என்புகளே. வன்கூடு வாழ்வின் உறுப்பாகும்.

வகுப்பறையிலே தொங்கவிட மாதிரி எலும்புக்கூடு இல்லையெனினும் குறையில்லை. மாணவர் ஒவ்வொருவரும் ஒரு வன்கூட்டுடனேயே பாடத்துக்கு வருகின்றனர்!

தொட்டு அறிவோம்

வளர்ந்த மனிதரில் 206 என்புகள் உள்ளன. தலை, முள்ளந்தண்டு, நெஞ்சறை ஆகியவற்றின் 80 என்புகள் அச்சு வன்கூடு எனப்படும். தோள், கை, இடுப்பு, கால் ஆகியவற்றின் 126 என்புகள் தூக்க வன்கூடாகும். பிறந்த குழந்தையிலோ ஏறத்தாழ 300 உண்டு. வளருங்கால் அவற்றுட் பல ஒன்றிணைகின்றன.

கன்னத்தில் கை வைத்து வாயைத் திறவுங்கள். மண்டையோட்டின் 22 என்புகளுள் அசைவது கீழ்த்தாடை ஒன்றே. கழுத்தின் பின்புறத்தைத் தடவுங்கள். அங்கே 7 முள்ளென்புகள் உள்ளன. நெடுங்கழுத்துடைய ஒட்டகச்சிவிங்கிக்கும் பெரும்பாலும் அதே எண்ணிக்கைதான். விலாவென்புகள் 12 சோடி. ஒரு கையின் மணிக்கட்டு முதல் விரல் நுனிவரை 27, ஒரு பாதத்தில் 26. ஆகவே இரு கைகளிலும் இரு பாதங்களிலும் 106 என்புகள், அதாவது மொத்தத்தின் பாதிக்கு மேல், அமைந்துள்ளன. எழுதவும் நடக்கவும் எத்துணை நுட்பம் வேண்டியிருக்கிறது!

முழங்கை கதவுப் பிணைச்சல்போல் ஒருதிசையில் மடியும். அது பிணைச்சல் மூட்டு. தோளோ எத்திசையும் சுழலும்; அது பந்துக்கிண்ண மூட்டு.

தமிழில் இது புதிதன்று

என்பு என்னும் சொல்லைத் திருக்குறளின் அன்புடைமை அதிகாரத்திலே பலமுறை காணலாம். மேலைநாட்டு உடற்கூற்றியலும் தமிழுக்குப் புதிதன்று. அமெரிக்காவின் வூஸ்ரர் நகரைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலும் கற்பித்தார். தம் மாணவரின் துணையுடன் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவற்றுள் ஒன்றான ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இல் வெளிவந்தது. 1884 இல் தம் ஊரிலே அவர் மறைந்தார். அவ்வூர் மொன்றியலிலிருந்து எல்லை கடந்து ஒரு நாட் பயணத்தில் அடையக்கூடியதே. அயலாரான ஒருவர் தமிழால் முடியும் என்று நம்பி உழைத்தார். தமிழரான நாம் ஐயுறுதல் தகுமோ?

பெற்றோருக்கு ஒரு சொல்

இங்கு எம் பிள்ளைகள் விஞ்ஞானத்தைப் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியிலேயே பயில்கின்றனர். நன்று. ஆயின் அம்மம்மாவுடன் வைத்தியசாலைக்குச் செல்லும் பேரப்பிள்ளை, அவர் “நாரி உளையுது” என்பதை வைத்தியருக்கு எவ்வாறு உரைப்பான்? வைத்தியரின் மறுமொழியை அவருக்கு எவ்வாறு விளக்குவான்? இரு மொழியிலும் உறுப்பின் பெயர் தெரியாவிடின், நோய் கூறுவோரும் கேட்போரும் ஒருவரையொருவர் அறியாது நிற்பர். தமிழ்ச் சொல் இங்கே அலங்காரமன்று. முதியோரின் நலத்துக்குத் தேவையானது. எனவே இரவுணவு வேளையில், “இன்று என்ன படித்தாய்?” என்று தமிழிலேயே கேளுங்கள்.

பயிற்சி

1. தாடை, தோள், விலா, நாரி, முழங்கால், கணுக்கால்: இவற்றைத் தொட்டுக் காட்டித் தமிழிலும் பிரெஞ்சிலும் பெயர் கூறுக.
2. முழங்கால் எவ்வகை மூட்டு?
3. வீட்டிலுள்ள முதியவர் ஒருவரிடம் உடலுறுப்புகளுக்கு அவர் வழங்கும் ஐந்து சொற்களைக் கேட்டு எழுதி வருக.

என்பு உடலைத் தாங்குவதுபோல மொழி எம் உறவைத் தாங்குகின்றது. இரண்டையும் உறுதியாக வளர்ப்போமாக.