கன்றாக இருக்கும்போதே கவாத்து

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த வேகத்தில், வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுநாள் சேலையூரில் நான் பார்த்த வீட்டு மாமரங்கள் பல வேரோடு விழவில்லை. கவட்டையில் பிளந்து கிடந்தன. பிளந்த இடத்தில் இரண்டு கொம்புகளின் பட்டையும் உள்மடிந்து சிக்கியிருந்தது. கட்டையோடு கட்டை சேரவே இல்லை.

ஒரே இடத்திலிருந்து நெருக்கமாகக் கிளம்பும் கொம்புகளின் கதி இதுதான். அது முடிவாவது கன்று இடுப்பளவு இருக்கும்போது.

அதனால் ஒட்டுக்கன்று வேர் பிடித்து இரண்டரை அடி வந்ததும் நுனியை வெட்டிவிடுகிறேன். "வளர்ற கன்னை ஏன் சார் வெட்டுறீங்க?" என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்பார். வெட்டினால்தான் பக்கக் கிளை வரும். வெவ்வேறு திசையில், சற்று ஏற இறங்க முளைத்த மூன்று நான்கை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுத்துவிட வேண்டும். அவை ஒன்றரை அடி நீண்டதும் மறுபடி நுனி வெட்டு.

மாவில் எங்கே வெட்டுகிறோம் என்பது முக்கியம். கொம்பில் மொட்டுகள் நெருங்கி, வளையம் போல் ஒரு இடம் தெரியும். அதற்கு மேலே வெட்டினால் ஒரே இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும். சற்றுக் கீழே வெட்டினால் இடைவெளி விட்டு வலுவான சில கிளைகள் வரும். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை உடனே கிள்ளுங்கள். முதல் இரண்டு வருடம் பூங்கொத்தையும் கிள்ளத்தான் வேண்டும். மனசு கேட்காது, ஆனாலும் செய்யுங்கள்.

காய்க்கும் மாவுக்குக் காலம் ஆனி, ஆடி. அறுவடை முடிந்த கையோடு வெட்டினால், புதுத்துளிர் முற்றி மார்கழி, தையில் பூக்க அவகாசம் இருக்கும். ஐப்பசி மழையில் வெட்டினால் காயத்தில் பூசணம் பிடிக்கும், அடுத்த பூவும் போகும். பெருவிரலைவிடத் தடித்த வெட்டுக்கு போர்டோ பசை பூசுங்கள். மாம்பால் தோலில் பட்டால் புண்ணாகும், முழுக்கைச் சட்டை அவசியம்.

கொய்யா புதுத்துளிரில்தான் காய்க்கும், தாராளமாக வெட்டலாம். எலுமிச்சையில் செங்குத்தாக எழும் நீர்ப்போத்தை எடுத்தால் போதும். சப்போட்டா மெதுவாக வளர்வது. ஒட்டுக்கு அடியில், வேர்க்கன்றான பாலை மரத்திலிருந்து வரும் துளிரைத் தவிர வேறெதிலும் கை வைக்காதீர்கள்.

அரை கிரவுண்டில் மாமரத்துக்கு இடமேது என்பவர்களுக்கு ஒரு கணக்கு. அடர்நடவில் 3க்கு 2 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 674 மாமரம் நிற்கிறது. வருடா வருடம் கவாத்து செய்வதால்தான் அது முடிகிறது. முடிச்சூரிலோ பெருங்களத்தூரிலோ மதிலோரம் கன்று வைத்திருப்பவர்கள் இந்த ஆடிக்குள் கத்தரியை எடுங்கள். மரம் மின்கம்பியைத் தொட்ட பிறகு அது உங்கள் கைவேலை இல்லை, மின்வாரியத்துக்குத்தான் சொல்ல வேண்டும்.