பத்து வருஷக் கணக்கும் கிரீன் கார்டும்

அமெரிக்காவில் குழந்தை வைத்தியம் பயிலச் சென்ற நம்மவர் இருவர் ஒரு மேஜையில் காப்பி அருந்த உட்கார்ந்தால், டம்ளர் பாதி காலியாவதற்குள் பேச்சு ஆராய்ச்சி மானியத்துக்கு வந்துவிடும். வந்த வேகத்திலேயே "அதெல்லாம் நமக்குக் கிடைக்காது" என்ற தீர்ப்பும் பிறந்துவிடும். மேரிலாண்ட் மாநிலத்துப் பெத்தெஸ்டாவிலுள்ள தேசிய சுகாதார நிறுவனம், அதாவது என்.ஐ.எச்., விண்ணப்பத்தைப் பார்த்து மறுப்பதற்கு முன்பே தம்மைத் தாமே மறுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்துக்குச் செவிவழி நம்பிக்கைகள் சில ஆதாரமாக நிற்கின்றன.

என்.ஐ.எச். சலுகை காட்டும் தொடக்க நிலை ஆராய்ச்சியாளர் என்றால் இளம் வயதினர், நாற்பதை நெருங்கியவருக்கு அங்கே இடமில்லை என்பது அவற்றில் முதலாவது. வயது என்ற சொல்லுக்கே விதியில் இடமில்லை. இறுதி ஆராய்ச்சிப் பட்டம் பெற்ற நாள், அல்லது மேற்பட்டப் படிப்புக்குரிய மருத்துவப் பயிற்சி முடிந்த நாள், இவ்விரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 10 ஆண்டுகள் என்பதே கணக்கு. ஆகவே 2008ல் எம்.பி.பி.எஸ். முடித்து, இங்கேயே எம்.டி.யும் பெற்று, பின்னர் அங்கே சென்று மூன்று வருஷ ரெஸிடென்ஸியையும் மூன்று வருஷ ஃபெலோஷிப்பையும் மறுபடி முதலிலிருந்து செய்து 2020 ஜூனில் வெளிவந்த ஒருவருக்கு, அந்த ஜூனிலிருந்துதான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. இடையில் குழந்தை பிறந்திருந்தால், கேட்டுப் பெற ஒரு வருஷ நீட்டிப்பும் உண்டு. ஆனால் என்.ஐ.எச்.சின் கணினிக் கணக்கில் சுயவிவரத்தை நிரப்பும்போது பட்டத்தின் தேதியை மட்டும் எழுதிவிட்டு, ரெஸிடென்ஸி விவரத்துக்குரிய கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறவர்கள் உண்டு. யந்திரம் என்ன செய்யும்? பட்டத்திலிருந்தே எண்ணி, "காலம் கடந்தது" என்று காட்டிவிடும். அதைப் பார்த்து மனமொடிந்து விலகுவது, ஜாதகத்தில் பிறந்த நேரத்தைத் தவறாக எழுதிக் கொடுத்துவிட்டு ஜோசியரை நோவதற்கு ஒப்பாகும்.

மேலும், இந்தப் பத்தாண்டு அந்தஸ்து ஆர்01 என்னும் பெரிய மானியத்துக்கு விண்ணப்பிக்கையில் கிட்டும் ஒரு சலுகையேயன்றித் தனி விருதன்று. நோயாளிகளை நேரில் கண்டு ஆராய்பவருக்கான கே23க்கும், சோதனைச்சாலையை நாடும் வைத்தியருக்கான கே08க்கும் விதிகள் வேறு. இவற்றைக் குழப்பிக்கொள்வதால் விளையும் அனர்த்தங்களே பாதி.

இனிப் பிரஜா உரிமை. அமெரிக்கப் பிரஜை அல்லாதார்க்கு ஒன்றுமே இல்லை என்ற அபிப்பிராயத்தில் ஓரளவு உண்மை கலந்திருப்பதனாலேயே அது நீடித்து நிலைக்கிறது. கே08, கே23 இரண்டுக்கும் பிரஜா உரிமையோ கிரீன் கார்டோ அவசியந்தான். எனினும் அது விண்ணப்பிக்கும் நாளிலன்று, மானியம் வழங்கப்படும் நாளில் கையிலிருந்தால் போதும். கே99 என்னும் மானியத்துக்கோ அந்த நிபந்தனையே கிடையாது. சுதந்திரமான ஆசிரியப் பதவியை இன்னும் ஏற்காத, பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி அனுபவம் 4 ஆண்டுகளுக்கு மேற்படாத எவரும், விஸாவில் இருப்பவர் உள்பட, அதற்கு விண்ணப்பிக்கலாம்; ஆராய்ச்சி கலவாமல் வார்டில் மட்டும் கழித்த பயிற்சிக் காலம் அந்த நான்கில் சேராது. ஸால்ட் லேக் சிட்டியிலுள்ள த்ராஷர் நிதியம் குழந்தைகள் நல ஆராய்ச்சிக்கென்றே தரும் தொடக்க நிலை விருதும் எந்த நாட்டவர் என்று கேட்பதில்லை.

பிஎச்.டி. இல்லாதவருக்கு மானியமா என்ற ஐயத்துக்கு விடை வேடிக்கையானது: கே23 வைத்தியப் பட்டதாரிகளை உத்தேசித்தே ஏற்பட்டது, நோயாளிக்குச் சிகிச்சையளிக்கும் தகுதியில்லாத வெறும் பிஎச்.டி.க்காரருக்குத்தான் அங்கே கதவடைப்பு. ஆர்03, ஆர்21 போன்ற சிறு மானியம் முன்னரே பெற்றிருந்தாலும் குற்றமில்லை. ஆர்01 பெற்றவருக்கே தடை.

மானியங்களைத் தவிர, என்.ஐ.எச். கல்விக் கடனை அடைத்துத் தரும் திட்டத்திலும் குழந்தை நல ஆராய்ச்சிக்கெனத் தனிப் பிரிவு உண்டு. ஊர் பாங்கில் வாங்கிய கடன் அதில் சேராது என்பதால், நம்மவரில் பலருக்கு அதனால் பயனில்லை.

தகுதி என்பது முழுக்க முழுக்க விண்ணப்பிப்பவரைப் பொறுத்தது என்ற நம்பிக்கையைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய மயக்கமாகக் கருதுகிறேன். கே23 பெறுகிறவர் தமது உழைப்பில் குறைந்தது 75 சதவீதத்தை, வருஷத்தில் 9 மாதத்தை, ஆராய்ச்சிக்கும் அதற்கான பயிற்சிக்கும் ஒதுக்க வேண்டும். ஜுரமும் இழுப்புமாக வந்து நிற்கும் குழந்தைகளை அந்நேரத்தில் வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஆகும் செலவுக்குத் துறைத்தலைவர் சம்மதித்தாக வேண்டும். அச்சம்மதத்தை எழுத்தில் தரும் கடிதம் விண்ணப்பத்தோடு செல்கிறது. விண்ணப்பதாரரின் பதவியும், அவருக்கு ஒதுக்கிய நேரமும், மானியம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நிற்கும் என்று அது சொல்ல வேண்டும். ஆகவே கடிதத்தின் நகலைக் கேட்டு வாங்கி, "மானியம் கிடைக்கும் பட்சத்தில்" என்ற வார்த்தைகள் எங்கேனும் நுழைந்திருக்கின்றனவா என்று, அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துவிடுவது உத்தமம்.