கழுத்து வலி கைக்கு இறங்கினால்...

கை வலிக்கிறது என்று கையிலேயே தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் கோளாறு கழுத்தில் இருக்கலாம்.

கழுத்தில் 7 எலும்புகள் உள்ளன. அங்கிருந்து 8 ஜோடி நரம்புகள் புறப்படுகின்றன. கீழ்ப்பகுதி நரம்புகள் தோளுக்கும் கைக்கும் செல்கின்றன. எலும்புகளுக்கு இடையிலுள்ள ஜவ்வு பிதுங்கினாலோ, வயதாகி எலும்பு முள்போல் வளர்ந்தாலோ நரம்பு அழுத்தப்படும். அப்போது அந்த நரம்பு போகும் வழியெல்லாம் வலியும் மதமதப்பும் தெரியும். 6-வது நரம்பானால் பெரும்பாலும் கட்டைவிரல் மரத்துப்போகும், 7-வதானால் நடுவிரல், 8-வதானால் சுண்டுவிரல். எனவே எந்த விரல் என்பதைக் கவனித்து மருத்துவரிடம் சொல்வோம்.

பெரும்பாலோருக்கு மாத்திரை, பிசியோதெரபியோடு சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி குறைந்துவிடும். அறுவை சிகிச்சை தேவைப்படாது. முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதை மட்டும் விட்டுவிடுவோம்.

கையிலிருந்து பொருள் நழுவினாலோ, சட்டைப் பொத்தான் போட வராவிட்டாலோ, நடை தடுமாறினாலோ, சிறுநீரை அடக்க முடியாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறலோடு கை வலித்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். 'வாயுப் பிடிப்பு' என்று வீட்டில் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.