தொகுப்பாகவா, தனித்தனியாகவா?

ஒரு வெள்ளைத் தாளில் மஞ்சள் வண்ணத்தால் உங்கள் பெயரை எழுதுங்கள். பத்தடி தள்ளி நின்று படியுங்கள். படிக்க முடிகிறதா? அதே மஞ்சளால் கறுப்பு அட்டையில் எழுதிப் பாருங்கள். இப்போது எழுத்து பளிச்சென்று தெரியும்.

மஞ்சள் மாறவில்லை, பின்னணிதான் மாறியது. ஆகவே, எழுத்தின் நிறம் நல்லதா இல்லையா என்பதைப் பின்னணியை விட்டுவிட்டுத் தீர்மானிக்க முடியாது. இணையத்தளம் அமைப்பவர்கள் நாள்தோறும் சந்திக்கும் சிக்கல் இது.

தளத்தின் தோற்றத்தை முடிவு செய்யும் கோப்புகளின் தொகுதிக்குத் 'தீம்' என்று பெயர். பின்னணி நிறம், எழுத்தின் நிறம், எழுத்துரு, இடைவெளி ஆகியவை அதில் அடங்கும். இவற்றை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பது ஒரு முறை. வல்லுநர் சேர்த்து வைத்த தொகுப்பை அப்படியே ஏற்பது இன்னொரு முறை. எது நல்லது?

கணக்குப் போடுவோம்

பின்னணிக்கு 10 நிறங்கள். எழுத்துக்கும் அதே 10 நிறங்கள். தலைப்புக்கு 6 எழுத்துருக்கள். பாடத்துக்கு 6 எழுத்துருக்கள். இடைவெளிக்கு 4 அளவுகள் என்று கொள்வோம். தனித்தனியே தேர்ந்தால் 10 × 10 × 6 × 6 × 4 = 14,400 தோற்றங்கள் கிடைக்கும்! ஆனால் இவற்றில் 1,440 தோற்றங்களில் எழுத்தும் பின்னணியும் ஒரே நிறம், எழுத்தே தெரியாது. 14,400-ஐயும் யார் சோதிப்பது?

மாறாக, 8 தொகுப்புகள் மட்டும் இருந்தால் எட்டையும் சோதித்துவிடலாம். ஆனால் மூன்றாம் தொகுப்பின் நிறமும் ஐந்தாம் தொகுப்பின் எழுத்துருவும் பிடித்திருந்தால் என்ன செய்வது? வழியில்லை.

அளந்து பார்ப்போம்

நிறங்களின் வேறுபாட்டை அளக்க ஒரு முறை உண்டு. ஒளிர்வு கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 1. இரு நிறங்களின் ஒளிர்வுடனும் 0.05-ஐக் கூட்டி, பெரியதைச் சிறியதால் வகுக்க வேண்டும். கறுப்பு-வெள்ளைக்கு 1.05 ÷ 0.05 = 21. கணிப்பொறித் திரையின் தூய மஞ்சளுக்கு ஒளிர்வு ஏறத்தாழ 0.93. எனவே வெள்ளையின்மேல் மஞ்சளுக்கு விகிதம் ஏறத்தாழ 1.07தான்! உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளின்படி, சாதாரண எழுத்துக்கு இது 4.5-க்குக் குறையக் கூடாது. பெரிய எழுத்துக்கு 3 போதும்.

நடு வழி

ஒன்றையொன்று சார்ந்தவற்றை மட்டும் சேர்த்துக் கட்டினால் என்ன? பின்னணியும் எழுத்தின் நிறமும் சேர்ந்து 8 இணைகள், எழுத்துருக்கள் சேர்ந்து 6 இணைகள், இடைவெளிகள் 4. இப்போது 8 × 6 × 4 = 192 தோற்றங்கள். சோதிக்க வேண்டியவையோ 8 + 6 + 4 = 18 மட்டுமே. பெருக்கல் கூட்டலாகிவிட்டது! எழுத்தின் அளவும் நிறத்தேவையைச் சற்றுப் பாதிக்கும் என்று மேலே கண்டோம். ஆனால் நிற இணைகள் எல்லாவற்றையும் கடுமையான 4.5 அளவுக்கே சோதித்துவிட்டால், எழுத்து எந்த அளவில் இருந்தாலும் கவலையில்லை.

வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளின் வளர்ச்சியும் இவ்வழியில் சென்றது. 2022-இல் வந்த அதன் 6.0 பதிப்பில், ஒரே சொடுக்கில் முழுத் தோற்றத்தையும் மாற்றும் தொகுப்புகள் வந்தன. 2024-இல் வந்த 6.6 பதிப்பிலிருந்து, அத்தொகுப்புகளின் நிறங்களையும் எழுத்துருக்களையும் பிரித்தெடுத்துக் கலந்து பயன்படுத்தலாம்.

வரிசை முக்கியம்

தோற்றத்தை விவரிக்கும் மொழியான சி.எஸ்.எஸ்.-இல் ஒரு நுட்பம் உண்டு. எழுத்தைத் தடிமனாக்கும் தனிக் கட்டளையை முதலில் எழுதி, எழுத்துருவின் தொகுப்புக் கட்டளையை அதன்பின் எழுதினால், தடிமன் மறைந்துவிடும். ஏன்? தொகுப்புக் கட்டளை, தன்னில் குறிப்பிடாதவற்றையும் தொடக்க நிலைக்குத் திருப்பிவிடுகிறது. ஆகவே தொகுப்பு முதலில், தனி மாற்றம் பிறகு.

நீங்களே செய்யுங்கள்

பின்னணிக்கும் எழுத்துக்கும் அதே 5 நிறங்கள், 3 எழுத்துருக்கள். தனித்தனியே தேர்ந்தால் எத்தனை தோற்றங்கள்? எத்தனையில் எழுத்தே தெரியாது? (விடை: 75, 15.)