கிளப்ஹவுஸ் யாருடையது?

அன்புள்ள தம்பிக்கு,

ஆர்லாண்டோ பக்கம் மூன்று இடங்களைப் பார்த்துவிட்டு நீ அனுப்பிய அட்டவணை கிடைத்தது. நீச்சல் குளம் எத்தனை, பிக்கிள்பால் மைதானம் எத்தனை, இந்திய மளிகைக் கடை எத்தனை மைல் என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கிறாய். உழைத்திருக்கிறாய் என்பது தெரிகிறது. ஆனால் அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாயே, அதுதான் என்னை எழுத உட்கார வைத்தது. மூன்றில் எதை வாங்கினாலும் பிற்காலத்தில் அப்பா அம்மாவைக் கவனித்துக்கொள்ள ஆள் இருக்கும், அந்தக் கவலை தீர்ந்தது என்கிறாய்.

தீரவில்லை, தம்பி. அங்கே ஆள் இருக்காது. அமெரிக்காவில் '55 பிளஸ்' என்று விற்கப்படும் குடியிருப்புகளில் நர்ஸ் கிடையாது, மருந்து எடுத்துக் கொடுப்பவர் கிடையாது, இரவில் அம்மா வழுக்கி விழுந்தால் ஓடி வருபவரும் கிடையாது. படித்தவர்களே இதை முதியோர் இல்லத்தின் பணக்கார வடிவம் என்று நினைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. வீட்டு வசதியில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தில் 1988-இல் ஒரு திருத்தம் வந்தது. குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதற்காக ஒரு குடும்பத்துக்கு வீடு மறுக்கக் கூடாது என்றது. மூத்தோர் குடியிருப்புகளுக்கு மட்டும் விலக்கு. அப்போது அந்த விலக்கைப் பெற, வயதானவர்களுக்கென்று குறிப்பிடத்தக்க வசதிகளும் சேவைகளும் தர வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 1995-இல் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். இன்று சட்டம் கேட்பது வயதை மட்டும். குடியிருக்கும் வீடுகளில் நூற்றுக்கு எண்பதிலாவது 55 வயது நிரம்பிய ஒருவர் வசிக்க வேண்டும், அதைக் குடியிருப்பின் சங்கம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்துச் சரிபார்க்க வேண்டும். அம்மாவுக்கு 53தானே என்று நீ தயங்கத் தேவையில்லை, அப்பா இருக்கிறார். ஆனால் சங்கத்தின் சொந்த விதி சட்டத்தைவிடக் கடுமையாக இருக்கலாம். அதைப் படித்துப் பார்.

கவனிப்பு வேண்டுமென்றால் அதற்கு வேறு வகை இடங்கள் உண்டு. நுழையும்போதே பெருந்தொகை கட்டி, மாதந்தோறும் கட்டணமும் செலுத்தி, உடல் தளரத் தளர ஒரே வளாகத்துக்குள் அடுத்தடுத்த நிலைக்கு மாறிக்கொள்ளும் ஏற்பாடு அது. அங்கே நீ வீடு வாங்குவதில்லை, பெரும்பாலும் வசிக்கும் உரிமையைத்தான் வாங்குகிறாய். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் கிரீன் கார்டில் புதிதாக வந்தவர்கள். அமெரிக்காவில் வேலை பார்த்து வரி கட்டாதவர்கள் 65 வயதுக்குப் பிறகு பணம் கட்டி மெடிக்கேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர வேண்டுமானால், அதற்கு முன் ஐந்து ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்திருக்க வேண்டும். சேர்ந்தாலும், குளிப்பாட்டவும் ஊட்டிவிடவும் நீண்ட காலத்துக்கு ஆள் வைக்கும் செலவை மெடிக்கேர் ஏற்பதில்லை. வீட்டு விலைக்கு முன்னால் இந்தக் கணக்கைப் போடு.

இனி உன் அட்டவணை. அதில் குடியிருப்பின் பொழுதுபோக்கு மையமான கிளப்ஹவுஸின் பரப்பளவு இருக்கிறது, அது யாருடையது என்பது இல்லை. என்னைக் கேட்டால் முதல் கட்டத்திலேயே இருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

இந்த வகைக் குடியிருப்பின் வரலாறே கிளப்ஹவுஸின் வரலாறு என்பது என் கட்சி. அரிசோனாவில் யங்டவுன் என்ற சிற்றூர் 1954-இல் ஓய்வுபெற்றவர்களுக்கென்றே உருவானது. சிறிய வீடுகள், எளிய வாழ்க்கை, அவ்வளவுதான். அதை ஒட்டியே டெல் வெப் என்ற கட்டுமான அதிபர் 1960 ஜனவரி 1 அன்று சன் சிட்டியைத் திறந்தார். மாதிரி வீடுகள் ஐந்துதான். ஆனால் கோல்ஃப் மைதானம், பொழுதுபோக்கு மையம், கடைவீதி எல்லாம் முன்கூட்டியே தயாராக இருந்தன. அந்த முதல் வார இறுதியில் மட்டும் சுமார் ஒரு லட்சம் பேர் பார்க்க வந்தார்கள். நாளை வரும் என்று சொல்லி விற்காமல் கட்டி முடித்துக் காட்டி விற்றதுதான் அவருடைய புதுமை. அன்றிலிருந்து வாங்குகிறவர்களின் கண் வீட்டைவிட்டுக் கிளப்ஹவுஸுக்குப் போய்விட்டது. உன் கண்ணும் போயிருக்கிறது.

இதையெல்லாம் தேடிப் படித்த நாட்களில் ஃபிரான்ஸிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'சிட்டீஸ் ஆன் எ ஹில்' கைக்கு வந்தது. 1986-இல் வெளிவந்த புத்தகம். சான்ஃபிரான்சிஸ்கோவின் காஸ்ட்ரோ பகுதி, ஜெர்ரி ஃபால்வெல்லின் லிஞ்ச்பர்க் சபை, ஓரிகனில் ரஜனீஷின் ஆசிரம நகரம் ஆகியவற்றோடு ஃபுளோரிடாவின் சன் சிட்டி சென்டரையும் சேர்த்து எழுதியிருக்கிறார். சாமியார் ஊரும் ஓய்வூதியர் ஊரும் ஒரே புத்தகத்தில் எப்படி என்று முதலில் வியந்தேன். படித்து முடித்ததும் அது எவ்வளவு பொருத்தம் என்று புரிந்தது. நான்குமே ஒத்தவர்கள் மட்டும் கூடி, தமக்கென்று புதிதாக வாழ்க்கைமுறை வகுத்துக்கொண்ட இடங்கள். நீ வாங்கப்போவது அப்படி ஓர் ஊரின் உறுப்பினர் உரிமை. ஆங்கிலம் வாசிக்க நேரமில்லை என்று சாக்குச் சொல்லாதே, அந்த ஓர் அத்தியாயத்தையாவது படி.

கிளப்ஹவுஸுக்கு வருகிறேன். அதன் உரிமை மூன்று விதமாக இருக்கக் கண்டிருக்கிறேன். சன் சிட்டியில் பொழுதுபோக்கு மையங்கள் வீட்டுக்காரர்களே உறுப்பினர்களாக உள்ள லாப நோக்கற்ற அமைப்பின் கையில் இருக்கின்றன. கட்டணம் ஏறினால், ஏற்றியது யார் என்று கேட்கலாம், தேர்தலில் மாற்றலாம். நீ பார்த்த பெரிய ஊரான தி வில்லேஜஸில் கதை வேறு. 2010-க்கும் 2020-க்கும் இடையில் அந்தப் பெருநகரப் பகுதியின் மக்கள்தொகை 39 விழுக்காடு கூடியது. நாட்டில் அவ்வளவு வேகமாக வளர்ந்த பெருநகரப் பகுதி வேறில்லை. அங்கே குளம், மைதானம், மண்டபம் பலவற்றையும் கட்டியவரிடமிருந்து 'மேம்பாட்டு மாவட்டம்' என்ற அரசு சார் அமைப்பு கடன்பத்திரம் விற்று வாங்கியது. குடியிருப்பவர்கள் மாதந்தோறும் கட்டும் வசதிக் கட்டணத்திலிருந்து அந்தக் கடன் அடைகிறது. இவற்றை வாங்கிய மைய மாவட்டங்களின் குழுவைத் தேர்ந்தெடுப்பவர்களோ அந்த மாவட்ட எல்லைக்குள் நிலம் வைத்திருப்பவர்கள், சுற்றி வீடு வாங்கியவர்கள் அல்லர். இது போதாதென்று சாலை, வடிகால் போட்ட கடன் ஒவ்வொரு மனையின் மேலும் தனியாக ஏறியிருக்கும், சொத்து வரிச் சீட்டோடு வரும். பழைய வீடானால் முந்தைய உரிமையாளர் அதை அடைத்திருக்கக்கூடும். ஒரே தெருவில் ஒரே விலைக்கு வரும் இரண்டு வீடுகள் இந்த ஒரு காரணத்தாலேயே ஒரே விலையல்ல.

மூன்றாவது வகையில் கிளப்ஹவுஸ் கட்டிய நிறுவனத்துக்கே சொந்தம். வீட்டுக்காரர் உறுப்பினராகியே தீர வேண்டும், கட்டணம் கட்டியே தீர வேண்டும். நீ சுற்றிய பகுதியில், பாய்ன்சியானாவில் சொலிவிட்டா என்ற குடியிருப்பு இருக்கிறது. தாங்கள் கட்டும் கிளப் கட்டணத்தில் நிறுவனத்தின் லாபமும் அடங்கியிருக்கிறது, செலவுக்கு மேல் வசூலிக்கச் சட்டம் இடம் தரவில்லை என்று அங்கே வசிப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 2021-இல் சுமார் 3.5 கோடி டாலர் அவர்களுக்குத் திருப்பித் தரும்படி தீர்ப்பானது. 2023-இல் மேல்முறையீட்டிலும் அது நின்றது. வென்றார்கள், சரி. ஓய்வு காலத்தின் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் கழிந்தன. உன் அப்பாவுக்கு அந்த வேலை எதற்கு?

அதனால்தான் சொல்கிறேன், சலவைக்கல் தரையைப் பார்த்து மயங்காதே. மாதக் கட்டணம் குறைவு என்று ஓர் இடத்துக்கு நீ நட்சத்திரக் குறி போட்டிருக்கிறாய். அதை அழி. ஃபுளோரிடாவில் ஒரு குடியிருப்பின் மனைகளில் 90 விழுக்காடு விற்று மூன்று மாதம் ஆகும்வரை சங்கத்தின் பிடி கட்டுபவர் கையில் இருக்கலாம். அதுவரை பற்றாக்குறையைத் தானே ஈடுகட்டிக் கட்டணத்தைத் தாழ்த்தி வைத்திருக்கவும் சட்டம் அனுமதிக்கிறது. சங்கம் குடியிருப்பவர்கள் கைக்கு வந்த பிறகுதான் உண்மைச் செலவு தெரியும். கூரை, குளம், சாலை எல்லாவற்றுக்கும் ஒருநாள் பழுதுபார்க்கும் செலவு வரும். அதற்குக் கையிருப்பு நிதி இருக்கிறதா? 2021 ஜூனில் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் அடுக்குமாடிக் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்தார்கள். பெரிய பழுதுகளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனதும் கையிருப்புப் போதாமல் இருந்ததும் அதன் பின் வெளிவந்தன. மறு ஆண்டே மூன்று மாடியோ அதற்கு மேலோ உள்ள கான்டோ எனும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கையிருப்பு ஆய்வைக் கட்டாயமாக்கினார்கள். தனி வீடுகள் கொண்ட சங்கங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நீயாகக் கேட்டால்தான் உண்டு.

பேரப்பிள்ளைகள் விஷயத்தையும் மறந்துவிட்டாய். கோடை விடுமுறை முழுவதும் உன் மகன் தாத்தாவோடு இருக்கப்போகிறான் என்று எழுதியிருக்கிறாய். பல இடங்களில் 19 வயதுக்குக் குறைந்தவர்கள் ஆண்டுக்கு இத்தனை நாள்தான் தங்கலாம் என்று விதி உண்டு, 30 நாள் என்பது சாதாரணம். யங்டவுனில் ஒரு தாத்தா பாட்டி தங்கள் பதின்வயதுப் பேரனை வீட்டில் வைத்துக்கொண்டதை ஊர் நிர்வாகம் எதிர்த்தது. விவகாரம் மாநில அட்டர்னி ஜெனரல் வரை போனது, வயதுக் கட்டுப்பாடே முறைப்படி போடப்படவில்லை என்று தெரியவந்தது, 1998-இல் அது ஒழிந்தது. முதன்முதலில் மூத்தோருக்கென்று எழுந்த ஊரில் இன்று குழந்தைகள் உள்ள குடும்பங்கள் வசிக்கின்றன. விதியின் காகிதம் ஒழுங்காக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். நாளை அந்த வீடு உனக்கு வந்தாலும் இதே விதிதான். சொந்தக்காரனாக இருக்கலாம், 55 ஆகும்வரை குடியேற முடியாமல் போகலாம்.

ஆகவே அடுத்த முறை போகும்போது விற்பனைக்காரரைப் பார்ப்பதற்கு முன் சங்க அலுவலகத்துக்குப் போ. சங்க விதிப் பத்திரம், கடைசி இரண்டு ஆண்டின் கூட்டக் குறிப்புகள், வரவுசெலவுக் கணக்கு, கையிருப்பு ஆய்வு, வயதுக் கணக்கெடுப்பு, கிளப்ஹவுஸ் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கான பதிவு இவற்றைக் கேள். தர மறுக்கும் இடத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடு. கிடைத்ததை எனக்கு அனுப்பு, நானும் படிக்கிறேன். அதுவரை முன்பணம் கட்டாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்