அளவு எடுக்க வா

அன்பு மகனுக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரி சித்தப்பா, சரி சித்தப்பா" என்று வைத்துவிடுவாய் என்பதால்தான் கடிதம்.

நேற்று உன் அம்மா கடைக்கு வந்திருந்தார்கள். கோயம்புத்தூர் இன்டர்வியூவில் உன் சட்டையை ஒருவர் மேலும் கீழும் பார்த்தாராம். அதனால்தான் வேலை போனது, இனி பிளேசர் இல்லாமல் எங்கேயும் போகமாட்டேன், ஆறாயிரம் வேண்டும் என்று கேட்டாயாம். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்கள். அப்புறம்தான் இன்னொன்றும் சொன்னார்கள்: மிச்சமிருக்கிற இரண்டு அரியரையும் இந்த நவம்பரில் எழுதப்போவதில்லை என்கிறாயாம்.

முதலில் பிளேசரைப் பற்றிப் பேசிவிடுகிறேன், தையல் என் தொழில்.

உடையை யார் பார்க்கிறார்கள், திறமையைத்தான் பார்ப்பார்கள் என்று சொல்கிறவர்களை நம்பாதே. பார்ப்பார்கள். 2014 ஜூலையில் சென்னையில் ஒரு கிளப்பில் புத்தக வெளியீட்டு விழா. வேட்டி கட்டிப் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே உள்ளே விடவில்லை. ஊரெல்லாம் கொதித்தது. அடுத்த மாதமே சட்டமன்றத்தில் சட்டம் வந்தது. வேட்டிக்காக ஒருவரைத் தடுத்தால் ஒரு வருஷம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். உயர் நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதுகிறவரையே உடையைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள் என்றால், அந்த வாசலில் அவர்கள் அளந்தது அவருடைய அறிவை இல்லையே? உன் சட்டையைப் பார்த்தவரும் உன் அறிவை அளக்கவில்லை. ஆனால் நீ அப்படி எடுத்துக்கொண்டு, அதற்கப்புறம் கேட்ட கேள்விக்கெல்லாம் தடுமாறியிருப்பாய். எனக்கு அதுதான் சந்தேகம்.

சட்டையில் குறை இருந்ததா என்றால், இருந்தது. நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். விலை உயர்ந்த கம்பெனிச் சட்டைதான். ஆனால் தோள் தையல் தோள் எலும்பைத் தாண்டி இரண்டு விரல் கீழே இறங்கிக் கிடக்கிறது. கை மணிக்கட்டை மூடி உள்ளங்கைக்கு வந்துவிட்டது. காசு கொடுத்து வாங்கினாலும் அண்ணன் சட்டையைப் போட்ட மாதிரிதான் இருக்கும். ரெடிமேட் எடுக்கும்போது தோளை மட்டும் பார். தையல் சரியாக எலும்பு முனையில் நிற்கவேண்டும். கழுத்துப் பட்டனைப் போட்டால் உள்ளே இரண்டு விரல் நுழையவேண்டும். இடுப்பில் தொளதொளவென்று இருந்தால் பக்கத்தில் பிடித்துக்கொள்ளலாம், கை நீளம் என்றால் குறைத்துக்கொள்ளலாம், எந்த ஆல்ட்ரேஷன் கடையிலும் நடக்கிற வேலை. தோளைப் பிரித்துத் தைப்பது மட்டும் சட்டையை மறுபடி தைப்பதற்குச் சமம். லைட் கிரே வேண்டாம், வியர்வை திட்டுத்திட்டாகத் தெரியும். வெள்ளை எடு. புதுச் சட்டையை ஒரு தடவை அலசிப் போடு, விறைப்பு போகும். புது ஷூவை இன்டர்வியூ அன்றைக்கு முதல்முதலாகப் போடாதே. ஒரு வாரம் அறைக்குள்ளேயே போட்டு நட. மற்றதெல்லாம் முந்தின நாள் ராத்திரியே அயர்ன் பண்ணி மாட்டிவிடவேண்டும். காலையில் அதைப் பற்றி யோசிக்கவே கூடாது. பிளேசர் எதற்கு? நம் ஊர் வெயிலில் பஸ் பிடித்துப் போய் இறங்குகிறவனுக்கு அது சுமை.

இதையெல்லாம் ஏன் உனக்கு யாரும் முன்னாலேயே சொல்லவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். எட்டாவது வரைக்கும் யூனிபார்மைச் சர்க்கார் கொடுத்தது. பன்னிரண்டாவது வரைக்குமே என்ன போடுவது என்று நீ முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. 2021-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இன்ஜினியரிங் சேர்ந்தாய், படிப்புச் செலவைச் சர்க்கார் பார்த்துக்கொண்டது. ஆனால் கலர் டிரஸ்ஸும், இங்கிலீஷில் கணக்கும், உன்னை அறிமுகப்படுத்திக்கொள் என்று எழுப்பி நிறுத்துவதும் ஒரே மாதத்தில் உன் தலையில் வந்து விழுந்தன. பக்கத்து பெஞ்சுப் பையனுக்கு இதெல்லாம் பிறவியிலேயே வந்ததாக நினைத்தாய். அவன் அப்பா கம்பெனிக்குப் போகிறவர், எந்தப் பேன்டுக்கு எந்த பெல்ட் என்பதைச் சோற்றோடு சேர்த்துச் சொல்லியிருப்பார். உன் அப்பா லோடுமேன். தெரிந்திருந்தால் அவரும் சொல்லியிருப்பார்.

ஃபெயிலானவனுக்கெல்லாம் கணித மேதை ராமானுஜன் கதையைச் சொல்வது வழக்கம். கும்பகோணத்தில் ஸ்காலர்ஷிப் போனது, சென்னைக்கு வந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை, 1912-ல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. இதை வைத்து நீயும் ராமானுஜன் ஆவாய் என்று சொன்னால் நீயே சிரிப்பாய். நான் சொல்ல வருவது வேறு. 1914-ல் கப்பல் ஏறுவதற்கு முன்னால் குடுமியை வெட்டி, சீமை உடுப்பு மாட்டி அனுப்பினார்கள். கேம்பிரிட்ஜில் ஷூ காலை இறுக்கியது, அறைக்குள் செருப்போடுதான் இருப்பாராம். அங்கே படித்துக்கொண்டிருந்த மகலனோபிஸ், பிற்காலத்தில் நம் நாட்டுப் புள்ளியியலுக்கே பெரிய பெயர், ஒரு நாள் குளிர் எப்படி என்று விசாரித்திருக்கிறார். ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, சால்வையும் சுற்றிக்கொண்டுதான் தூங்குகிறேன் என்றாராம் ராமானுஜன். போய்ப் பார்த்தால் கட்டிலில் கம்பளிகள் இருக்கின்றன. ஓரத்தை மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகியிருந்ததால், அதை விலக்கி உள்ளே படுக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவு பெரிய மூளை, கம்பளிக்கு மேலேயே படுத்து நடுங்கியிருக்கிறது. மகலனோபிஸ் காட்டிக்கொடுத்தார், ஒரு நிமிஷ வேலை.

உன் கதையில் மகலனோபிஸ் தானாக வந்து விசாரிப்பார் என்று காத்திருக்காதே. நீதான் போய்க் கேட்கவேண்டும். சட்டை எடுக்கத் தெரியாததை மறைத்த மாதிரியே, கணக்கு புரியாததையும் மறைத்திருக்கிறாய். முதல் செமஸ்டர் பேப்பரை இத்தனை வருஷம் இழுத்துக்கொண்டு வந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. ரெடிமேட் வந்து பேன்ட் சட்டை ஆர்டரெல்லாம் படுத்த காலத்தில், ஓவர்லாக் மிஷின் பழக நான் யாரிடம் போனேன் தெரியுமா? என்னிடம் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டு திருப்பூர் போன பையனிடம். அவன் "அண்ணாச்சி, நூலைத் தப்பாகக் கோத்திருக்கீங்க" என்று என் கையைத் தட்டிவிட்டான். கோபம் வந்தது. மிஷினும் வந்தது.

அரியர் சங்கதிக்கு வருகிறேன். நம் கடையில் பேன்ட் தைக்கிற லெக்சரர் ஒருவரிடம் உனக்காகக் கேட்டேன். கணக்குப் பேப்பரில் ஐந்து யூனிட். பத்து இரண்டு மார்க் கேள்வி, யூனிட்டுக்கு ஒரு பதினாறு மார்க் கேள்வி, அதிலும் இரண்டில் ஒன்றை எழுதினால் போதும் என்றார். நீ ஐந்தையும் கரைத்துக் குடிக்கப் பார்த்து ஐந்திலும் பாதியில் நிற்கிறாய் போல. ஒரு பேன்ட் சரியாக உட்காரவில்லை என்றால் நான் துணியைத் தூக்கி எறிவதில்லை, எந்த இடத்தில் இழுக்கிறது என்று பார்த்து அந்தத் தையலை மட்டும் பிரிப்பேன். எந்த யூனிட்டில் இழுக்கிறது என்று பார். இந்தத் தடவை ரிசல்ட் எப்படி வந்தாலும் விடைத்தாள் போட்டோகாப்பிக்கு விண்ணப்பி. கையில் தாளைப் பார்த்தால்தான் எங்கே மார்க் போனது என்று தெரியும். ரீவேல்யூவேஷன் கேட்பதற்கும் அதுதான் முதல் படி.

இன்னொன்றும் அவர் சொன்னார். பெரும்பாலான கம்பெனிகள் ஸ்டாண்டிங் அரியர் இருந்தால் விண்ணப்பத்தையே தள்ளிவிடுமாம். அதாவது உன் சட்டையை யாரும் பார்ப்பதற்கு முன்னாலேயே கதவு மூடிவிடுகிறது. கோயம்புத்தூர் கம்பெனி இதைக் கேட்காமல் கூப்பிட்டது உன் அதிர்ஷ்டம், எப்போதும் அப்படி நடக்காது. ஆறாயிரம் ரூபாய்க் கோட்டுக்கு இந்தக் கதவைத் திறக்கத் தெரியாது.

ஆகவே பிளேசருக்குப் பணம் வராது, அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அதற்குப் பதில் இரண்டு பேன்ட், மூன்று சட்டை தைத்துத் தருகிறேன். துணி எடுத்து வைத்தாயிற்று, கறுப்பும் நீலமும் பேன்டுக்கு. நவம்பர் பரீட்சைக்கு ஃபீஸ் கட்டிய ரசீதைக் கொண்டுவந்தால்தான் கத்தரியைத் தொடுவேன். இது மிரட்டல்தான், சித்தியும் என் கட்சி.

வருகிற சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கடை திறந்ததும் அளவு எடுத்துவிடலாம். மத்தியானம் அந்த லெக்சரர் வீட்டில் இருப்பாராம், புஸ்தகத்தோடு வரச்சொன்னார். பழைய கேள்வித்தாள்களையும் எடுத்துக்கொள். அந்தப் பெரிய தோள் சட்டையையும் மறக்காமல் கொண்டு வா, கையையாவது குறைத்துத் தருகிறேன். அடுத்த வாரம் என்று தள்ளிப்போடாதே. தீபாவளி வேலை ஆரம்பித்துவிட்டால் காஜாவுக்குக்கூட ஆள் கிடைக்காது.

அன்புடன்,
சித்தப்பா